கேப்டிவ் பிரீடிங்: 'செயற்கை இனப்பெருக்கம்' வேண்டாம்

> புலிக்கும் 'செயற்கை இனப்பெருக்கம்' என்றே எழுதலாமே, பத்திரிகைகளில் பழகிவிட்டது.

வணக்கம் ஐயா.

விலங்குகளை அடைப்பில் வைத்துப் பெருக்கும் கேப்டிவ் பிரீடிங்குக்கு அந்தச் சொல் பழகிவிட்டது உண்மைதான், ஆனால் பொருள் பிசகுகிறது. செயற்கை என்றதும் விந்தூட்டல்தான் நினைவுக்கு வரும். உயிரியல் பூங்காவில் பெரும்பாலும் ஆணும் பெண்ணும் தாமாகவே கூடுகின்றன. மூன்றரை மாதச் சினைக்குப் பிறகு, கண் திறக்காத குருளைகளைத் தாய் ஈனுகிறது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு கிலோ. (புலியின் இளமைப் பெயராகத் தொல்காப்பிய மரபியல் சொல்வது குருளை. அதை விட்டுவிட வேண்டாம்.) இங்கே மாறியிருப்பது இடம் மட்டுமே. ஆகவே 'அடைப்பிடப் பிறப்பு' என்கிறேன். 'சிறைப் பிறப்பு' என்றால் குற்றமும் தண்டனையும் கூடவே வந்துவிடுகின்றன.

இந்த ஒரு சொல் மட்டும் போதாது. தென்சீனப் புலியைப் பாருங்கள். 1970களுக்குப் பிறகு அது காட்டில் இருப்பதற்கு உறுதியான சான்று இல்லை. பூங்காக்களில் எஞ்சியவை ஆறே புலிகளின் வழிவந்தவை. எதை எதோடு சேர்த்தால் இரத்த உறவு நெருங்காது என்று, ஒவ்வொரு விலங்கின் பெற்றோரையும் வழியையும் பதிந்து வைக்கும் ஸ்டட்புக்கைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஸ்டட்புக்குக்குக் 'கொடிவழி ஏடு' நன்றாகப் பொருந்தும். அப்படி மரபு பார்த்துச் செய்வதற்கு மட்டும் 'காப்பினப்பெருக்கம்' என்ற பெயரை வைப்போம்.

வெள்ளைப்புலிக்கு அந்தப் பெயரைத் தரக்கூடாது. 1951இல் ரேவாவில் பிடிபட்ட மோகன் என்ற வெள்ளை ஆண்புலியை அதன் மகளோடே சேர்த்து உண்டாக்கிய வழி அது. பலவற்றுக்கு மாறுகண். எலும்புக்கும் தோலுக்கும் வளர்க்கும் புலிப்பண்ணைக்கும் தரக்கூடாது. உறுப்பு வணிகத்துக்காகப் புலியைப் பெருக்கக் கூடாது என்று 2007இலேயே சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை) நாடுகள் முடிவெடுத்தன. இவற்றையும் 'காப்பு' என்று எழுதினால், குருளைகள் பிறந்த செய்தியைப் படிப்பவர் இனம் பிழைத்துவிட்டது என்றே நம்புவார். உலகக் காடுகளில் இருப்பவை 5,500 அளவில்தான். அடைப்பிடக் குருளையைக் கொண்டுபோய் அந்தக் கணக்கில் சேர்த்துவிட முடியாது. வேட்டையைத் தாயோடு சுற்றித்தான் கற்க வேண்டும், அதற்கு இரண்டு ஆண்டு பிடிக்கும்.

மத்தியப் பிரதேசத்தின் கான்ஹா புலிகள் காப்பகத்தில் தாயை இழந்த இரண்டு பெண் குருளைகளை வேலியிட்ட காட்டுப்பகுதியில் வளர்த்து, 2011இல் அதே மாநிலத்தின் பன்னா காப்பகத்தில் விட்டார்கள். அவை அங்கே குட்டியும் ஈன்றன. ஆனால் அவை காட்டில் பிறந்தவை. இப்படி வளர்த்துக் காட்டு வாழ்வுக்குப் பழக்கி விடும் ரீவைல்டிங்குக்குத்தான் எனக்குச் சொல் அமையவில்லை. 'காடேற்றம்' என்று எழுதிப் பார்த்தேன். சுடுகாட்டு நினைவு வருகிறது. 'கானகப் பழக்கல்' சரிவருமா? காட்டில் வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.