கைப்பொம்மை நிகழ்ச்சி: ஷூட்டிங் தொடங்கறதுக்கு முன்னாடி எதை முடிக்கோணும்?

ஈரோடு_கைப்பொம்மை:
வணக்கமுங்க. 3 முதல் 6 வயசுப் பிள்ளைகளுக்கு, கைப்பொம்மை வெச்சு 7 நிமிச நிகழ்ச்சி பண்ணலாம்னு இருக்கோம். 6 பகுதிக்குக் கதை தயார். பொம்மை செய்யறவர் வெளியாள். ஒரு சேனல் முழுச் செலவையும் குடுக்கறோங்குது. வாங்கிக்கலாமுங்களா? ஷூட்டிங்குக்கு முன்னாடி என்னென்ன பார்க்கோணும்?

காந்திபுரம்_வக்கீல்:
வாங்கலாமுங்க, ஆனா ஒப்பந்தம் எழுதின பிறகு. பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 17 என்ன சொல்லுதுன்னா, காசு குடுத்துப் படம் எடுக்கச் சொன்னவர்தான் படத்துக்கு முதல் உரிமையாளர். வேற மாதிரி எழுதிக்கிட்டா மட்டுந்தான் இது மாறும். அதனால சேனலுக்கு இத்தனை வருசம் ஒளிபரப்பற உரிமை மட்டும், பாத்திரங்கள் உங்களோடதுன்னு தெளிவா எழுதுங்க.

பொம்மையில விசயம் நேர் எதிர். கூலி குடுத்துட்டாலும் அந்த வடிவத்தோட உரிமை செஞ்சவர்கிட்டயே இருக்கும். அவர்கிட்ட எழுதி வாங்கறப்ப காலத்தையும் நாட்டையும் குறிப்பிடுங்க. விட்டுட்டா பிரிவு 19 படி 5 வருசம், இந்தியாவுக்குள்ள மட்டும்னு ஆயிரும்.

பேரையும் உருவத்தையும் டிரேட்மார்க்குக்குப் போடுங்க. நிகழ்ச்சிக்கு வகுப்பு 41, விளையாட்டுப் பொம்மைக்கு 28, துணிக்கு 25. தனியாள் ஆன்லைன்ல போட்டா ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். திருப்பூர் பக்கத்துலயே இருக்கறப்ப 25ஐ விடவே கூடாது. பனியன்ல அச்சடிக்க லைசென்ஸ் குடுக்கறதுக்கு அதுதான் பிடிமானம். பிரிட்டன்ல ஆன் வுட் 1984ல ராக்டால் கம்பெனியைத் தொடங்கினாங்க. 1997ல பிபிசியில வந்த அவங்க டெலிடப்பீஸ்ங்கற பிள்ளைகள் நிகழ்ச்சி, பொம்மையாவும் புத்தகமாவும் பல நாட்டுல வித்துச்சு.

பொள்ளாச்சி_எடிட்டர்:
முதல் பகுதியை மட்டும் எடுத்து, பிள்ளைகள்கிட்ட சோதிச்சுப் பாருங்க. அமெரிக்காவுல செசமி ஸ்ட்ரீட்ங்கற பிள்ளைகள் நிகழ்ச்சியை எடுக்க ஜோன் கேன்ஸ் கூனி 1968ல தொடங்கின சில்ட்ரன்ஸ் டெலிவிஷன் வொர்க்‌ஷாப்புல எட்வர்ட் பால்மர் பண்ணின முறை இது. லேப்டாப்புல நிகழ்ச்சி ஓடட்டும். பக்கத்துல சாய்வா ஒரு டேப்லெட், அதுல 7.5 நொடிக்கு ஒரு படம் மாறணும். பிள்ளை எதைப் பார்க்குதுன்னு ஒவ்வொரு தடவையும் ஒருத்தர் குறிக்கணும். 7 நிமிசத்துக்கு 56 குறி வரும். எந்த இடத்துல கண்ணு டேப்லெட்டுக்குப் போகுதோ, அந்தக் காட்சியை வெட்டுங்க.

ஒரு நேரத்துல ஒரே பிள்ளைதான். கூட்டமா உக்கார வெச்சா ஒண்ணைப் பார்த்து இன்னொண்ணு திரும்பும், கணக்கு கெட்டுப்போகும். அம்மாவைப் பக்கத்துல விடாதீங்க, "அங்க பாரு கண்ணு"ன்னு காட்டிருவாங்க. செசமி ஸ்ட்ரீட்டோட 1969 சோதனைகள்ல, தெருவுல மனுசங்க மட்டும் பேசற காட்சி வந்ததும் பிள்ளைகளோட கவனம் சரிஞ்சுது. பொம்மையையும் மனுசங்களையும் கலக்கக் கூடாதுன்னு நிபுணர்கள் சொல்லியும், பிக் பேர்டுங்கற பெரிய பறவைப் பொம்மையை அந்தத் தெருவுக்குள்ள கொண்டு வந்தாங்க. நிகழ்ச்சி நிலைச்சு நின்னது அதனாலதான்.

ஈரோடு_கைப்பொம்மை:
ரொம்ப நன்றிங்க. ரெண்டு பிள்ளைகளும் நடிக்கறாங்க. அதுக்கு அனுமதி வேணுமுங்களா?

சிங்காநல்லூர்_புரொடக்‌ஷன்:
கட்டாயம் வேணுங்க. ஷூட்டிங் நடக்கற மாவட்டத்துக் கலெக்டர்கிட்ட படிவம் 'சி'ங்கற உறுதிமொழிப் படிவம் குடுத்து அனுமதி வாங்கோணும், அது 6 மாசம் செல்லும். ஒரு நாளைக்கு 5 மணி நேரம்தான். ஓய்வு இல்லாம 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. சம்பளத்துல குறைஞ்சது 20 சதவீதத்தைப் பிள்ளை பேருல தேசியமயமாக்கப்பட்ட பேங்க்ல டெபாசிட் போடோணும்.

இன்னொண்ணு, குரல் பதிவுக்குப் பல்லடம், சோமனூர் பக்கம் தறி ஓடற தெருவுல ரூம் எடுக்காதீங்க. அந்த அதிர்வு செவுத்து வழியா உள்ள வரும், ஃபோம் ஒட்டினா நிக்காது.