பழைய வேன் வாங்கும்போது கிலோமீட்டரை மட்டும் பார்க்காதீர்கள்

புதுச்சேரியிலிருந்து பாரிஸ் பக்கம் வந்து சேரும் தம்பிகள், கடைக்கோ சமையல் ஆர்டருக்கோ பழைய டீசல் வேன் ஒன்று தேட ஆரம்பித்ததும் கேட்பது, "அண்ணே, எத்தனை கிலோமீட்டர் ஓடினது வரைக்கும் வாங்கலாம்?" எப்படி ஓடியது என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். ஊருக்குள்ளேயே நின்று நின்று 80,000 ஓடியதைவிட, ஆயில் ஒழுங்காக மாற்றி நெடுஞ்சாலையில் இரண்டு லட்சம் ஓடிய வேன் பெரும்பாலும் தேவலை.

இன்ஜின் அதிகம் தேய்வது ஸ்டார்ட் செய்து சூடேறும்வரைதான். இரவெல்லாம் நின்ற வண்டியில் ஆயில் கீழே வடிந்து, குளிரில் கெட்டியாகக் கிடக்கும். நம் ஊரில் மார்கழி விடியலிலேகூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். இங்கே ஜனவரியில் பூஜ்யத்துக்கும் கீழே போகும். டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்ததும் ஆக்ஸிலரேட்டரை அழுத்தாதீர்கள். அது காட்டுவது இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தின் சூடு, ஆயில் சூடாக இன்னும் நேரமாகும்.

அதற்காக நிறுத்திய இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவிடுவதும் வேண்டாம். அப்படிச் சூடேற ரொம்ப நேரம் பிடிக்கும், தேய்மானமும் நீளும். போதாததற்கு, பிரான்ஸில் நிறுத்தி வைத்த வண்டியில் இன்ஜினை ஓடவிடுவது விதிமீறல். அரை நிமிடத்தில் கிளம்பி, கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டுங்கள்.

"டாப் கியர்ல போடு, டீசல் மிச்சம்" என்ற ஊர்ப் பாடம் கடலூர் ரோட்டின் சமதளத்துக்குச் சரி. பாரிஸை ஒட்டிய ரஞ்சிஸ் மொத்தச் சந்தையில் மூட்டை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஐந்தாம் கியரில் திணறவிட்டால் அடி பேரிங்குக்கும் ஃப்ளைவீலுக்கும். ஒரு கியர் குறைத்து, 2000 ஆர்பிஎம் பக்கம் வைத்து ஏற்றுங்கள்.

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்த டீசல் வேன்களில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் உண்டு. சேர்ந்த கரியை எரிக்க இன்ஜின் தானாகவே கூடுதல் டீசலைச் செலுத்தும். பிள்ளையைப் பள்ளியில் விட்டு வரும் தூரத்துக்கு மட்டும் ஓட்டினால் அந்த வேலை பாதியில் நிற்கும். எரியாத டீசல் கலந்து ஆயில் நீர்த்துப் போகும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள், உடனே மாற்றுங்கள். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் விடுங்கள்.

கூலன்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றும் பழக்கத்தை விமானத்திலேயே விட்டுவிடுங்கள். உறைந்தால் இன்ஜின் பிளாக்கே பிளக்கும். வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்கும் டைமிங் பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் மட்டுமல்ல, வருடக் கணக்கும் உண்டு. அறுந்தால் பெரும்பாலான டீசல் இன்ஜின்களில் பிஸ்டன் வால்வை இடித்துவிடும். மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

நான்கு வருடத்துக்கு மேற்பட்ட வண்டியை விற்பவர், ஆறு மாதத்துக்கு உட்பட்ட கான்ட்ரோல் டெக்னிக் (வாகனத் தகுதிச் சோதனை) சான்று தர வேண்டும். பிரேக், ஸ்டீயரிங், விளக்கு, புகை எல்லாம் அதில் வரும். இன்ஜினின் உள்தேய்மானம் வராது. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போதுதான் அந்தக் குறை தெரியும். அதனால் பார்க்கப் போகும் முன்பே, "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லி வையுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், சரி, இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம்.