கோமாரியில் மாடு சாகவில்லை என்றால் நட்டமே இல்லையா?

கேள்வி (புவனகிரி வாசகர்):
எங்கள் பால் உற்பத்தியாளர் சங்கத்தில் அடுத்த தடுப்பூசிச் சுற்றுக்கு முன்பாக உறுப்பினர்களிடம் பேசும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. சென்ற முறை கோமாரி (கால், வாய்ப் புண் நோய்) வந்தபோது மாடு எதுவும் சாகவில்லை என்றும், ஊசி போட்டால்தான் பால் குறைகிறது என்றும் பலர் உறுதியாக நம்புகிறார்கள். சாவு நேராத நோயின் நட்டத்தை எப்படிக் கணக்கிட்டுச் சொல்வது? எருமைகளுக்கும் அதே கணக்குப் பொருந்துமா?

பதில் 1 (வில்லியனூர், கால்நடை மருத்துவர்):
வளர்ந்த மாடுகள் கோமாரியில் அரிதாகவே சாகின்றன. இளங்கன்றுகளோ இதயத்தசை பாதிக்கப்பட்டுத் திடீரென்று இறந்துவிடுகின்றன. ஆனால் நட்டத்தின் பெரும்பகுதி பிழைத்த மாட்டில்தான் இருக்கிறது. ஒரு கணக்குக்காக, நாளொன்றுக்கு 10 லிட்டர் கறக்கும் கலப்பினப் பசு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நோய் கண்ட 20 நாள் அது 4 லிட்டரும், அந்த ஈற்றில் (கன்று ஈன்றபின் கறக்கும் காலத்தில்) மிஞ்சிய 130 நாள் 7 லிட்டரும் கறந்தால், மொத்தம் 510 லிட்டர் போய்விடுகிறது. லிட்டருக்கு 35 ரூபாய் என்றால் 17,850 ரூபாய். வாய்ப்புண்ணும் குளம்புப்புண்ணும் ஆறிய பிறகும் பால் பழைய அளவுக்குத் திரும்பாமல் போவதை நம்மவர்கள் நோயோடு சேர்த்து எண்ணுவதில்லை என்பதே என் வருத்தம்.

அடுத்தது சினைப்பிடிப்பு. மூன்று மாதம் தள்ளிப்போனால், கறவை இல்லாத அந்த 90 நாளுக்கும் நாளுக்கு 120 ரூபாய் வீதம் 10,800 ரூபாய்க்குத் தீவனம் போட்டாக வேண்டும். மருத்துவச் செலவு, மடிநோய், வெயில் தாங்காமல் இரைக்கும் மாட்டின் விலைச்சரிவு ஆகியவை இதற்கு மேல். காப்பீடு பொதுவாக இறப்புக்கே கிடைக்கிறது; குறைந்த பாலுக்கு எவரும் ஈடு தருவதில்லை.

பதில் 2 (சிதம்பரம், எருமை வளர்ப்பவர்):
எருமையில் கோமாரியின் அறிகுறிகள் பெரும்பாலும் லேசாகவே தெரிகின்றன. அதனால் அது நோயோடு நடமாடுவதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். எங்களுக்குக் கணக்கையே புரட்டிப்போடுவது தொண்டை அடைப்பான்தான். ஐப்பசி மழையில் கொட்டகையும் மேய்ச்சல் தரையும் ஈரமாகக் கிடக்கும் நாட்களில் தொண்டை வீங்கி, மூச்சுத் திணறி, ஓரிரு நாளில் எருமை சாய்ந்துவிடும். மருத்துவரை அழைத்து வருவதற்குள் முடிந்துவிடுவதும் உண்டு. அங்கே நட்டம் எருமையின் முழு விலை. கொழுப்பு மிகுந்த பாலுக்குச் சங்கத்தில் கிடைத்துவந்த வருமானமும் அன்றோடு நின்றுவிடுகிறது. ஆகவே தொண்டை அடைப்பானுக்கு மழைக்கு முன்பே போடும் ஊசியையும் உங்கள் பேச்சில் தயவுசெய்து சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 3 (பண்ருட்டி வாசகி):
நோய் கண்ட மாட்டை அவசரமாகச் சந்தைக்கு ஓட்டிச் சென்று பாதி விலைக்குத் தள்ளிவிடும் பழக்கத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். விற்றவர் பாதியை இழக்கிறார். வாங்கியவர் தம் தொழுவம் முழுவதற்கும் நோயைக் கொண்டுபோகிறார். தம் மாட்டுக்கு ஊசி வேண்டாம் என்று ஒருவர் எடுக்கும் முடிவின் செலவு அவரோடு நிற்பதில்லை என்பதைச் சங்கத்தில் வெளிப்படையாகவே பேசுங்கள்.

பதில் 4 (வில்லியனூர், கால்நடை மருத்துவர்):
ஊசிக்குப் பிறகு பால் குறையும் என்பது பொய்யன்று. சில மாடுகளில் சில நாள் குறைந்து பின்னர் சரியாகிவிடுகிறது. நாளுக்கு 2 லிட்டர் வீதம் மூன்று நாள் குறைந்தால் 210 ரூபாய். அதைப் பலகையில் 17,850-க்குப் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். 2019-இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் கோமாரி ஊசி இலவசமாகவே போடப்படுகிறது. 4 முதல் 8 மாத வயதுள்ள கிடாரிக் கன்றுகளுக்குக் கருச்சிதைவு நோய்க்கான (புருசெல்லா) ஊசியும் அதே திட்டத்தில் உண்டு. அந்நோய் சினையின் கடைசி மாதங்களில் கன்றைக் கலைப்பதோடு, பாலைக் காய்ச்சாமல் குடிப்பவர்களுக்கும், கலைந்த கருவையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடுபவர்களுக்கும் பரவக்கூடியது. மாடுகளைக் கொன்ற வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்) முற்றாக ஒழிந்துவிட்டதாக 2011-இல் உலகம் முழுவதற்கும் அறிவிக்க முடிந்ததில் ஊர் ஊராகப் போட்ட தடுப்பூசிக்குப் பெரும் பங்கு உண்டு. ஊசி போட்ட பிறகு எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு, மூன்று வாரம் ஆகும். அதுவரை சந்தையிலிருந்து புது மாடு வாங்கித் தொழுவத்தில் சேர்க்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.