நியூஜெர்சி கோர்ட்டுகள்: எல்லாச் சாவியும் ஒருவர் கையிலா?

எடிசன்வாசி:
2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநில சுப்ரீம் கோர்ட்டின் தலைமை நீதிபதி ஸ்டூவர்ட் ராப்னர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். சாமர்செட், ஹண்டர்டன், வாரன், தெற்கே கம்பர்லேண்ட், கிளாஸ்டர், சேலம் ஆகிய ஆறு கவுண்டிகளில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) சிவில், விவாகரத்து ட்ரையல்கள் நிறுத்தம். விதிவிலக்கு வெகு சிலவே. நீதிபதி இடங்கள் காலியாகக் கிடக்கின்றன என்பது காரணம். இருக்கட்டும். ஆறு கவுண்டி மக்களின் வழக்கை ஒருவர் ஒரு தாளில் நிறுத்தலாம் என்றால், அவரை யார் கேட்பது? அவருக்கு யாரும் ஓட்டுப் போடவில்லை.

கறுப்புக்கோட்டு:
அவருக்கு ஓட்டுப் போடவில்லைதான். ஆனால் அந்த அதிகாரத்துக்கு ஓட்டுப் போட்டார்கள், 1947-இல், புதிய அரசியல் சட்டத்துக்கான வாக்கெடுப்பில். அதற்கு முன் அங்கே கோர்ட்டுகள் இருந்த கோலம் தெரியுமா? நியாய அடிப்படையில் நிவாரணம் தரும் சான்சரி கோர்ட் ஒரு பக்கம், சட்டப்படி தீர்ப்புச் சொல்லும் கோர்ட் ஒரு பக்கம், அநாதைகள் கோர்ட் என்று பெயரிலேயே ஒன்று. உச்சியில் 16 பேர் கொண்ட அப்பீல் மன்றம், அதில் வக்கீலாகவே இல்லாதவர்களுக்கும் இடம். ஒரே தகராறுக்கு இரண்டு படி ஏறி இறங்கவேண்டும். அதையெல்லாம் கலைத்து, கீழே சுப்பீரியர் கோர்ட், உச்சியில் சுப்ரீம் கோர்ட் என்று ஆக்கி, நிர்வாகத்தைத் தலைமை நீதிபதியிடம் ஒப்படைத்தார்கள். எந்த நீதிபதி எந்தப் பிரிவில் உட்காரவேண்டும் என்பது அவர் முடிவு. 21 கவுண்டிகள், அவற்றைச் சேர்த்துப் பிரித்த 15 விசினேஜ்கள் (கோர்ட் வட்டங்கள்), ஒவ்வொன்றுக்கும் நிர்வாகப் பொறுப்பில் ஓர் அசைன்மென்ட் ஜட்ஜ், தலைநகரில் நிர்வாக இயக்குநர். யார் பொறுப்பு என்று தேடி அலையவேண்டியதே இல்லை.

எடிசன்வாசி:
அதே அரசியல் சட்டத்தில், வழக்கு நடைமுறை விதிகளைச் சுப்ரீம் கோர்ட் ‘சட்டத்துக்கு உட்பட்டு’ வகுக்கவேண்டும் என்றும் இருக்கிறது. 1950-இல் வின்பெரி வழக்கில் என்ன ஆயிற்று? அந்தச் ‘சட்டம்’ உரிமைகள் பற்றிய சட்டத்தை மட்டும்தான் குறிக்கும், நடைமுறையில் சட்டசபை கைவைக்க முடியாது என்று தீர்ப்பு. எழுதியவர் புதிய அரசியல் சட்டத்தின் கீழ் முதல் தலைமை நீதிபதியான ஆர்தர் வாண்டர்பில்ட். தன் வேலியைத் தானே தள்ளி நட்டுக்கொண்டார்.

கறுப்புக்கோட்டு:
அந்தத் தீர்ப்பு எனக்கும் நெருடல்தான், மறைப்பானேன். ஆனால் அதே வாண்டர்பில்ட் நீதிபதிகளிடம் வாராவாரம் வேலைக் கணக்கு கேட்டவர். எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாய், எது நிலுவை என்று. அதிகாரம் சிதறிக் கிடந்தால் இதை யார் கேட்பார்? இன்னொன்று, 2019 ஜனவரியில் முனிசிபல் கோர்ட்டுகளில் 15 வருஷத்துக்கு மேல் தூங்கிய ஏறக்குறைய 8 லட்சம் சில்லறைப் புகார்களைச் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. பார்க்கிங், சிறு போக்குவரத்துக் குற்றங்கள். அவற்றுக்கான பழைய வாரண்டுகளும் போயின.

எடிசன்வாசி:
நல்ல காரியம், தவறான கை. 8 லட்சம் புகாரைத் தள்ளுபடி செய்வது நிர்வாகமா, பொதுமன்னிப்பா? அது சட்டசபை செய்யவேண்டியது.

வெள்ளாமை:
உங்கள் சண்டைக்கு நடுவே ஒரு வாதி பேசலாமா? அந்த ஆறு கவுண்டிகளில் ஒன்றில்தான் இருக்கிறேன். வீட்டு வேலையைப் பாதியில் விட்டுப் போன கான்ட்ராக்டர் மேல் வழக்கு. ட்ரையல் நெருங்கும் நேரத்தில் நிறுத்திவிட்டார்கள். எதிராளிக்குக் கொண்டாட்டம், இழுத்தடிக்க அவர் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. கேட்டதில் பாதிகூடத் தேறாமல் சமரசம் செய்துகொண்டேன்.

முதலில் எனக்கும் தலைமை நீதிபதி மேல்தான் கோபம். பக்கத்து கோர்ட் அறையில் கிரிமினல் கேஸ் நடக்கிறது, என் கேஸ் மட்டும் ஏன் நிற்கிறது? அப்புறம் வக்கீல் விளக்கினார். 2017 முதல் நியூஜெர்சியில் பணம் கட்டி ஜாமீன் வாங்கும் முறை கிட்டத்தட்ட இல்லை. அதற்குப் பதிலாக, சிறையில் வைக்கப்பட்டவரின் வழக்குக்குக் கெடு உண்டு. 90 நாளில் குற்றச்சாட்டு, அதிலிருந்து 180 நாளில் ட்ரையல். கெடு தாண்டினால் அவரை வெளியே விடவேண்டி வரும். அதனால் இருக்கிற நீதிபதிகளை அங்கே தள்ளுகிறார்கள்.

எடிசன்வாசி:
சரி, எந்த நீதிபதியையும் எங்கும் போடும் அதிகாரம் இருக்கிறதே, வேறு கவுண்டியிலிருந்து கொண்டுவந்திருக்கலாமே?

கறுப்புக்கோட்டு:
பக்கத்து வீட்டிலும் அடுப்பு எரியாதபோது யாரிடம் கடன் கேட்பது? மாநிலம் முழுக்க 25, 30 இடம் காலியென்றால் சமாளிக்கலாம் என்று ராப்னரே சொன்னார். அப்போது இருந்தது அதைவிட அதிகம். ஓய்வுபெற்றவர்களை 80 வயது வரை திரும்ப அழைக்கலாம், ஆனால் அதை வைத்து எத்தனை நாள் ஓட்டுவது? ஆளை நியமிக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. ஆளுநர் பெயர் சொல்லவேண்டும், மாநில செனட் ஒப்பவேண்டும். அதிலும் சொந்தக் கவுண்டி செனட்டர் தலையாட்டாவிட்டால் பெயர் நகராது. எந்தச் சட்டத்திலும் எழுதாத மரபு அது.

எடிசன்வாசி:
அந்தச் செனட்டரையாவது அடுத்த தேர்தலில் மாற்றலாம். நான் சொல்வதே அதுதான். வெள்ளாமை, உங்கள் செனட்டருக்கு எழுதினீர்களா?

வெள்ளாமை:
இரண்டு முறை. கவனத்தில் கொள்கிறோம் என்று பதில் வந்தது. அந்த நவம்பரில் செனட் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வழவழ அட்டையும் வந்தது. நான் கிரீன் கார்டுக்காரன், எனக்கு ஓட்டே இல்லை.