கறுப்பு ஹோண்டா சிட்டியில ஸ்வர்ல் கீறல்: முதல் தடவை போலீஷ் போட என்ன வாங்கணும்?

செந்தூல் சிட்டி:
வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. காடி 2017 ஹோண்டா சிட்டி, கறுப்பு. நிழல்ல பார்த்தா ஒன்னும் தெரியாது. வெயில்லயோ பெட்ரோல் ஸ்டேஷன் லைட்டு கீழயோ நிறுத்தினா, லைட்டு விழுற இடத்தைச் சுத்தி வட்ட வட்டமா மெல்லிய கீறல். நகத்தால இழுத்துப் பார்த்தேன், எங்கயும் தட்டல. வாரம் ஒரு தடவை ஸ்னோ வாஷுக்கு (நுரை அடிச்சுக் கழுவுற கடை) போகும்.
ஆன்லைன் கடையில ரோட்டரி மெஷின், கம்பளிப் பேட், கட்டிங் காம்பவுண்ட் (போலீஷைவிடக் கடுமையா பெயிண்டைச் சீவுற பசை) மூனும் ஒரே செட்டா எடுக்கச் சொல்றாங்க. 700 வெள்ளி வரைக்கும் போடலாம். தரை வீடு, போர்ச்சுல பிளக் இருக்கு. முன் பம்பர் மட்டும் முன்ன ஒரு தடவை ஸ்ப்ரே அடிச்சது. எது வாங்கலாம், எது வேணாம்?

பிறை போலீஷ்:
தம்பி, அந்த செட்டைத் தொடாதீங்க. ரோட்டரி ஒரே அச்சுல சுத்தும். கை ஒரே இடத்துல நின்னா அந்த இடம் சூடாகி, விளிம்புல கிளியர் கோட் (நிறத்துக்கு மேல இருக்கிற தெளிவான பூச்சு) போயிடும். கம்பளிப் பேட்ல கட்டிங் காம்பவுண்ட் ஊத்தி கறுப்பு மேல ஓட்டினா, இப்ப இருக்கிற வட்டக் கீறல் போய் ஹாலோகிராம் கோடு (மெஷின் போன தடம் வெயில்ல அலை அலையாத் தெரியுறது) வந்து நிக்கும். அதை எடுக்க இன்னொரு சுற்று போலீஷ் வேணும்.

கம்பெனி பெயிண்ட்ல கிளியர் கோட் பொதுவா 35லிருந்து 50 மைக்ரான்தான். ஏ4 தாளோட கனமே சுமார் 100 மைக்ரான், மிஞ்சிப் போனா அதுல பாதிதான். போனது திரும்ப வராது. அதனால எப்பவும் லேசான பேட், லேசான போலீஷ்ல ஆரம்பிச்சு, பத்தலன்னா மட்டும் ஒரு படி ஏத்துங்க. நகம் தட்டாத கீறல்னா மேலோட்டமானதுதான், உங்களுக்குப் பெரிய வெட்டு தேவைப்படாது. ஹோண்டா கறுப்பு வழக்கமா மென்மையான பெயிண்ட். சீக்கிரம் கீறும், சீக்கிரம் சரியாகவும் செய்யும்.

மெஷின்: டூயல் ஆக்‌ஷன், நாங்க டி.ஏ.ன்னு சொல்றது, பேட் சுத்திக்கிட்டே ஆடவும் செய்யும். 8 மில்லிமீட்டர் த்ரோ (பேட் ஆடுற வட்டத்தோட அகலம்) போதும். 15 மில்லிமீட்டர் வேகமா வேலை முடிக்கும், ஆனா வளைவான இடத்துல பேட் சுத்தாம நின்னுடும். 5 இஞ்சி பேக்கிங் பிளேட் (மெஷின்ல பேட் ஒட்டுற தட்டு) இருக்கணும், பேட் அதைவிட அரை இஞ்சி பெருசா இருக்கணும். பிளேட் விளிம்பு வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா என்னைக்காவது கதவுல இடிக்கும். வெளிநாட்டுல இருந்து வரவழைக்கிறதா இருந்தா 110 வோல்ட் மெஷின் இல்லைன்னு பார்த்துக்குங்க.

போலீஷ் ஒரே பாட்டில் போதும். மெகுயர்ஸ் எம்205, மென்செர்னா 3500 மாதிரி ஃபினிஷிங் வகை, அதாவது கடைசிப் பளபளப்புக்கான லேசான போலீஷ். 250 மில்லி ஒரு செடானுக்குத் தாராளம்.

மிச்சக் காசை பேட்லயும் துணியிலயும் போடுங்க. புதுசா ஆரம்பிக்கிறவங்க கைவிடுறது இங்கதான். மெஷினுக்கு 400 வெள்ளி கொடுத்துட்டு ரெண்டே ரெண்டு பேட் வாங்குவாங்க. மூனாவது பேனல்லயே பேட் ஈரமாகி, சூடாகி, போலீஷும் பெயிண்ட் தூளும் அடைச்சு வெட்டாது. அப்புறம் போலீஷ் சரியில்லன்னு காம்பவுண்ட் தேடிப் போவாங்க. போலீஷிங் ஃபோம் பேட் 4, ஃபினிஷிங் ஃபோம் பேட் 2, பம்பருக்கும் பில்லருக்கும் (கண்ணாடிக்கு நடுவுல இருக்கிற தூண்) 3 இஞ்சி பேட் 2 (அதுக்குத் தனி சின்ன பிளேட் வேணும்). நிறத்தை நம்பி வாங்காதீங்க: லேக் கண்ட்ரியில வெள்ளை போலீஷிங், கறுப்பு ஃபினிஷிங். ரூப்பெஸ்ல மஞ்சள் ஃபைன், வெள்ளை அதைவிட லேசானது. பாக்கெட்டுல எழுதியிருக்கிறதைப் படிங்க.

பாயான் பாரு அக்கா:
துணியைப் பத்தி நான் சொல்றேன். ஓரம் தைக்காத மைக்ரோஃபைபர், 350 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியோட எடை, கிராம்ல) அளவுல, குறைஞ்சது 10 வேணும். லேபிளைக் கத்தரிச்சுடுங்க. தரையில விழுந்த துணி அன்னைக்கு வேலையில திரும்ப வரவே கூடாது. துவைக்கும்போது சாஃப்ட்னர் ஊத்தாதீங்க, நூல்ல மெழுகு மாதிரி படிஞ்சு போலீஷை எடுக்காது.

போலீஷுக்கு முன்னாடி பெயிண்டைத் தடவிப் பாருங்க. மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள்ள கைய விட்டு, கழுவின பானட் மேல விரலை ஓட்டினா, வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பு நல்லாத் தெரியும். சொரசொரன்னா அயன் ரிமூவர் (ஒட்டியிருக்கிற இரும்புத் தூளைக் கரைக்கிற மருந்து) அடிங்க, ஊதா நிறத்துல வழியும். ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்துல நிறுத்துற காடியில ரொம்ப வரும். காயறதுக்குள்ள அலசிட்டு, அப்புறம் க்ளே பார் (ஒட்டின அழுக்கை இழுத்து எடுக்கிற களிமண் கட்டி). அதுக்கு லூப்ரிகண்ட் தாராளமா தெளிக்கணும். க்ளேவே லேசாக் கீறும், அதனால எப்பவும் அது போலீஷுக்கு முன்னாடிதான்.

ரப்பர், கறுப்பு பிளாஸ்டிக், கூர்மையான ஓரம் எல்லாத்துலயும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. சொரசொரப்பான பிளாஸ்டிக்ல போலீஷ் காய்ஞ்சா வெள்ளையாப் பிடிச்சுக்கும், எடுக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும்.

பிறை போலீஷ்:
அக்கா சொன்னது சரி. இனி ஓட்டுற முறை.

பானட்ல 45க்கு 45 சென்டிமீட்டர் ஒரு கட்டம், அதுதான் டெஸ்ட் ஸ்பாட். புது பேட் முழுக்க போலீஷை மெல்லிசாத் தேய்ச்சு, மேல பட்டாணி அளவுல 4 சொட்டு. அணைச்ச மெஷினை பெயிண்ட்ல வச்சு ஒத்தி எடுத்து, ஸ்பீட் 2ல பரப்பி, பிறகு 4 அல்லது 5ல வேலை. நீளவாக்குல ஒரு சுற்று, குறுக்குல ஒரு சுற்று, அப்படி 4 சுற்று. ஒவ்வொரு வரிசையும் முந்தின வரிசையில பாதி மேல ஏறணும். கை நொடிக்கு 3 சென்டிமீட்டருக்கு மேல ஓடக் கூடாது. பேக்கிங் பிளேட் பக்கவாட்டுல மார்க்கர் பேனாவால ஒரு கோடு போடுங்க. ஓடும்போது கோடு சுத்துறது தெரியணும். நின்னு நடுங்கினா அழுத்தம் அதிகம், இல்ல பேட் சாய்ஞ்சிருக்கு.

ஒவ்வொரு கட்டம் முடிஞ்சதும் நைலான் பிரஷ்ஷால பேட்டைத் தேய்ங்க. போலீஷைக் காயவிடாம உடனே துடைங்க. அப்புறம் 70 விழுக்காட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, தண்ணி 4 பங்கு கலந்து துடைச்சுட்டு, வெள்ளை எல்.இ.டி. டார்ச் அடிச்சுப் பாருங்க. ஆல்கஹால் போடலன்னா போலீஷ் எண்ணெய் கீறலை மூடி உங்களை ஏமாத்தும். போர்ச் டியூப் லைட்ல பார்க்காதீங்க, பரவலான வெளிச்சம் கீறலைக் காட்டாது.

கோலாலம்பூர் வெயில்ல காலை 8 மணிக்கு ஆரம்பிச்சு, பேனல் சூடாறதுக்குள்ள நிறுத்துங்க. பின்னங்கையை பானட்ல வச்சு 5 நொடி சும்மா இருக்க முடியலன்னா அது வேலை செய்யுற சூடு இல்ல.

செந்தூல் சிட்டி:
ரொம்ப நன்றி அண்ணே, நன்றிக்கா. டெஸ்ட் ஸ்பாட் போட்டேன். 8 மில்லிமீட்டர் டி.ஏ., போலீஷிங் பேட், எம்205, ஸ்பீட் 5. பெரிய வட்டமெல்லாம் போயிடுச்சு. ஆனா டார்ச் அடிச்சா சாம்பல் படிஞ்ச மாதிரி லேசான மங்கல். காம்பவுண்ட் வாங்கணுமா?

பிறை போலீஷ்:
வேணாம் தம்பி, எதிர்த்திசையில போகணும். டார்ச்சைக் கிட்டக்க பிடிச்சுப் பாருங்க. மங்கல்ல குட்டி குட்டியா வளைஞ்ச கோடு இருந்தா அது பேட் போட்டது. துடைச்ச திசையிலயே நேர்க்கோடா இருந்தா துணி போட்டது, துணியை மாத்தினாப் போதும்.

பேட் போட்டதுதான்னா, அதே எம்205, ஃபினிஷிங் பேட், 3 சொட்டு, ஸ்பீட் 3 அல்லது 4, கையால அழுத்தாம மெஷின் கனம் மட்டும், 4 சுற்று. மென்மையான கறுப்புக்கு பெரும்பாலும் இதுவே போதும். சில காடியில முதல்ல போலீஷிங் பேட்ல ஓட்டுறதே தேவைப்படாது, ஃபினிஷிங் பேட்லயே மொத்த ஸ்வர்லும் போயிடும். பக்கத்துல இன்னொரு கட்டத்துல அதையும் போட்டுப் பாருங்க.

செந்தூல் சிட்டி:
வளைஞ்ச கோடுதான். ஃபினிஷிங் பேட்ல போட்டதும் சுத்தமாப் போயிடுச்சு! பம்பர்?

பாயான் பாரு அக்கா:
பம்பர் பிளாஸ்டிக். தகரம் மாதிரி சூட்டைக் கடத்தாது, அதனால ஒரே இடத்துல சீக்கிரம் சூடேறும். ஸ்ப்ரே அடிச்ச பெயிண்ட் எவ்ளோ கனம்னு சாதாரண கேஜ் பிளாஸ்டிக்ல காட்டாது. 3 இஞ்சி ஃபினிஷிங் பேட், ஸ்பீட் 3, ரெண்டே சுற்று. மூலையில கையாலேயே தேய்ங்க. துடைக்கிற துணியில காடி நிறம் வந்தா உடனே நிறுத்துங்க, அங்க கிளியர் கோட் இல்லைன்னு அர்த்தம்.

மொத்தமா முடிஞ்சதும் சீலண்ட் (பெயிண்டைக் காக்குற மேல்பூச்சு) போடுங்க. மழை பெய்ஞ்ச மறுநிமிஷம் வெயில் அடிக்கிற ஊரு, வெறும் பெயிண்ட்ல தண்ணிக் கறை நல்லாப் பிடிக்கும். ஸ்னோ வாஷுக்குப் போனா நுரை அடிக்கிறதோட நிறுத்தச் சொல்லுங்க. கீறுறது நுரை இல்ல, அடுத்து வர்ற ஸ்பாஞ்சும் சாமுவாவும் (ஈரம் ஒத்துற தோல் துணி). முந்தின காடியோட மணல் அதுலதான் இருக்கு. துடைக்கிற துணியை வீட்டுலருந்தே எடுத்துட்டுப் போங்க.

பேட்டை அன்னைக்கே பாத்திர சோப்புல கசக்கி அலசி, காத்தாட வைங்க. ஈரத்தோட டப்பாவுல மூடினா நம்ம ஊரு புழுக்கத்துல பூஞ்சணம் பிடிச்சு, பசை விட்டு வெல்க்ரோ தனியா வந்துடும்.