ஆட்டிசம் உள்ள நாலு வயது மகன் கார் சீட்டில் உட்கார மாட்டேன் என்கிறான், வழி சொல்லுங்கள்

கல்லிடை அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஒரே பையன், நாலு வயது, 15 கிலோ. ஆட்டிசம் என்று போன வருஷம் சொன்னார்கள். பேச்சு இன்னும் வரவில்லை, ஆனால் நாம் சொல்வது புரியும். கல்லிடைக்குறிச்சியிலிருந்து பாளையங்கோட்டைக்குத் தெரபிக்குக் கூட்டிப்போகிறேன். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பதால் நான்தான் வண்டி ஓட்டுகிறேன், அத்தை பின்னால் அவனோடு உட்காருவார்கள். வீரவநல்லூர் வருவதற்குள்ளேயே ஆரம்பித்துவிடுகிறான். குழந்தை சீட்டின் வாரை மாட்டியதும் முதுகை வளைத்துக்கொண்டு கத்துகிறான், தோளிலிருந்து கையை உருவிவிடுகிறான், இப்போது வாரைப் பூட்டுகிற பக்கிளில் உள்ள சிவப்புப் பட்டனை அமுக்கவும் பழகிவிட்டான். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து நிற்கிறான், எனக்கு ஸ்டியரிங் பிடிக்கிற கை நடுங்குகிறது.

அத்தை, "பச்சப்பிள்ளையை இப்படிக் கட்டிப்போட்டா கொண்டுபோவாங்க, நான் மடியில வச்சுக்கிடுதேன்" என்கிறார்கள். அவர்கள் பாசத்தில் சொல்வது புரிகிறது, எனக்கு மனசு ஒப்பவில்லை. வாரைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு உள்ளே மெத்தென்று தலையணை வைக்கலாமா? பக்கிளை மூடுகிற கவர் ஆன்லைனில் விற்கிறார்களே, அதை வாங்கலாமா? இதே கஷ்டத்தைப் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பாளை அப்பா:

தங்கச்சி, என் மகளும் ஆட்டிசம் உள்ள பிள்ளைதான், இப்போது ஆறு வயது. முதலில் ஒன்று, இது சேட்டை இல்லை, அடமும் இல்லை. நமக்குச் சும்மா துணி உரசுகிற மாதிரி இருப்பது அவனுக்கு எரிச்சலாகவோ வலியாகவோ இருக்கலாம், சொல்லவும் தெரியாது, அதனால் கத்துகிறான். எது உறுத்துகிறது என்று கண்டுபிடிக்கிற வரைக்கும் நாம் எவ்வளவு கொஞ்சினாலும் அதட்டினாலும் அவனுக்கு அது நிற்கப்போவதில்லை.

எங்கள் வீட்டில் முதல் எதிரி வெயில். நம்ம ஊர் சித்திரை வெயிலில் நிறுத்தின வண்டிக்குள் அந்தப் பக்கிளின் இரும்பு நாக்கைத் தொட்டுப் பாருங்கள், பெரியவர்களுக்கே கை சுடும். மகளுக்குத் தொடையில் ஒரு தடவை அது பட்டதும், அதன் பிறகு சீட்டைப் பார்த்தாலே ஓட ஆரம்பித்தாள். வண்டியை நிழலில் போடுவோம், முடியாத நாளில் வெள்ளைத் துண்டை சீட் முழுக்க மூடி வைப்போம், கிளம்புவதற்கு முன்னாலேயே ஏசியைப் போட்டு, பக்கிளைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்குவது. அடுத்தது சட்டைக் காலரில் இருக்கிற லேபிள், டவுசர் தையல். வார் அதன் மேல் அழுத்தும்போதுதான் குத்தும், நடமாடும்போது தெரியாது. லேபிளை வெட்டி எடுத்துவிட்டுப் பழைய பருத்திச் சட்டையாகப் போட்டுப் பாருங்கள். காது பொத்துகிற பிள்ளையா? அப்படியானால் ஜன்னல் திறந்திருக்கும்போது வருகிற காற்றுச் சத்தமும் லாரி ஹாரனுமே போதும். ஏசி காற்று நேரே முகத்தில் அடிப்பதும் சில பிள்ளைகளுக்கு ஆகாது.

இன்னொன்று, சீட்டைக் காரிலிருந்து கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து வையுங்கள். எங்கள் வீட்டில் கூடத்தில் அது ஒரு நாற்காலியாகவே கிடந்தது. அவளாகப் போய் உட்காருவாள், முறுக்கு தின்பாள், இறங்கிவிடுவாள். அப்புறம் வாரை மடியில் மட்டும் போட்டோம், பிறகு தோளில், பிறகுதான் 'டக்' என்று பூட்டி உடனே திறந்துவிட்டோம். பைய பையத்தான் வரும், அவசரப்படுத்தினால் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். பழகின பிறகு நிற்கிற வண்டியில், அதற்குப் பிறகு தெருமுனை வரைக்கும் ஒரு சுற்று. ஒவ்வொரு தடவையும் தெரபிக்கு மட்டுமே கார் என்று இருந்தால் காரையே வெறுத்துவிடுவான், அதனால் அவனுக்குப் பிடித்த இடத்துக்கும், ஆற்றங்கரைக்கோ ஆச்சி வீட்டுக்கோ, போய்வாருங்கள்.

பேசாத பிள்ளைக்குப் படம் ரொம்ப உதவும். செருப்பு, கார், வார் பூட்டுவது, சேரன்மகாதேவி, பத்தமடை, தெரபி மேடம், திரும்ப வீடு, இப்படிப் போனில் போட்டோ எடுத்து வரிசையாக ஒட்டி, ஒவ்வொரு இடம் தாண்டும்போதும் ஒன்றைக் கிழித்துக் கையில் கொடுங்கள். எப்போது முடியும் என்று தெரியாததுதான் பல பிள்ளைகளுக்குப் பெரிய பயம்.

ஓ.டி. (தூத்துக்குடி):

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (ஓ.டி.), அன்றாடக் காரியங்களுக்குப் பிள்ளைகளைப் பழக்குகிற வேலை. மேலே அண்ணாச்சி சொன்னதை அப்படியே செய்யுங்கள். நான் வாரைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அம்மா கேட்டதில் ரொம்ப ஆபத்தானது அந்தத் தளர்த்துகிற யோசனைதான்.

வாரைத் தளர்த்தாதீர்கள். தளர்ந்த வாரில் கையை உருவுவது இன்னும் சுலபம், வண்டி இடித்தால் அந்த இடைவெளி அளவுக்குப் பிள்ளை முன்னால் பாய்ந்த பிறகுதான் வார் பிடிக்கும். தோள் எலும்புக்குப் பக்கத்தில் வாரை இரண்டு விரலால் மேலும் கீழுமாகக் கிள்ளிப் பாருங்கள், மடிப்பாகக் கிள்ள முடிந்தால் இன்னும் இறுக்க வேண்டும். முன்னால் பார்த்து உட்காருகிற சீட்டில் வார் வெளியே வருகிற துளை தோள்மட்டத்திலோ அதற்குச் சற்று மேலேயோ இருக்க வேண்டும். பிள்ளை வளர்ந்தும் துளையை மாற்றாமல் விட்டிருந்தால் வார் தோளைக் கீழ்நோக்கி இழுக்கும், பல பிள்ளைகள் முதுகை வளைப்பதற்கு அதுவே காரணமாக இருக்கும். இன்றைக்கே பாருங்கள். வார் முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள், முறுக்கின வார் விளிம்பு கழுத்தில் வெட்டும்.

இறுக்கமாக இருந்தால் பிள்ளைக்குப் பிடிக்காது என்று நாம் நினைக்கிறோம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்கு மேலோட்டமாக உரசுவதுதான் தாங்காது, அழுத்திப் பிடித்தால் நிம்மதி. தளர்ந்து அங்குமிங்கும் நகர்கிற வாரைவிட ஒட்டிப் பிடிக்கிற வாரை ஏற்றுக்கொள்வான். கிளம்புவதற்கு முன்னால் தோளையும் கையையும் நன்றாக அமுக்கிவிடுங்கள், அவன் விரும்பினால் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள், கொஞ்சம் குதிக்கவிடுங்கள். அதே அழுத்தத்துக்காக விற்கிற எடை வைத்த போர்வையைக் காரில் போடவே கூடாது, இடித்தால் அந்த எடையும் சேர்ந்து பிள்ளை மேல் விழும்.

தலையணையும் வேண்டாம். சீட்டோடு கம்பெனி கொடுக்காத எதையும் முதுகுக்குப் பின்னாலோ வாரிலோ வைக்கக்கூடாது, அதோடு சேர்த்து அந்த சீட்டைச் சோதித்திருக்க மாட்டார்கள். கையில் கொடுக்கிற சாமானும் துணி பொம்மை மாதிரி மெத்தென்று இருக்கட்டும்.

கையை உருவுவதற்கு ஒரு வழி: வாரை உடம்போடு ஒட்டிப் பூட்டிய பிறகு, பெரிய சட்டை ஒன்றை முன்பின்னாகத் திருப்பி வாருக்கு மேலே போட்டுவிடுங்கள். பட்டன் கண்ணில் படாது, வாரும் தளராது. மூடுகிற கவரை நான் கடைசி வழியாகத்தான் சொல்வேன், அதுவும் உங்கள் சீட் கம்பெனி அனுமதிக்கிறதா என்று கேட்டுவிட்டு. விபத்து நடந்தால் ஓடிவருகிறவர்களுக்கு அதைத் திறக்கத் தெரியாது. போட்டே ஆகவேண்டும் என்றால் பெல்ட் வெட்டுகிற கத்தியை ஓட்டுகிறவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு, எப்படித் திறப்பது என்று எழுதி சீட்டிலேயே ஒட்டிவையுங்கள்.

தச்சநல்லூர் டிரைவர்:

அம்மா, நான் கால் டாக்சி ஓட்டுகிறேன், நாங்குநேரி பக்கம் நாலுவழிச்சாலையில் நடந்த விபத்துகளைக் கண்ணால் பார்த்தவன். பெரியம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், மடி பாதுகாப்பே கிடையாது. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி மோதி நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், உங்கள் 15 கிலோ பிள்ளை 200 கிலோவுக்கு மேல் இழுப்பான். எந்தக் கையாலும் பிடிக்க முடியாது, பின்னால் இருந்து பெரியம்மா உடம்பும் சேர்ந்து அவனை நசுக்கும். சட்டமும் அதைத்தான் சொல்கிறது: 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 194பி என்று சேர்த்தார்கள், 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாவிட்டால் 1000 ரூபாய் அபராதம்.

பின் கதவின் ஓரத்தில், உள்ளேயிருந்து கதவைத் திறக்கவிடாத சைல்டு லாக் இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள், ஜன்னல் லாக்கையும் சேர்த்து. அவன் பக்கிளைத் திறந்தால் திரும்பிப் பார்த்துக் கத்தாதீர்கள், இண்டிகேட்டர் போட்டுப் பைய ஓரம் ஒதுங்கி, பெட்ரோல் பங்க் மாதிரி பத்திரமான இடத்தில் நிறுத்திவிட்டுப் பேசாமல் திரும்பப் பூட்டுங்கள். பூட்டினால்தான் வண்டி நகரும் என்பது ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி நடக்க வேண்டும், ஒரு நாள் மட்டும் போகட்டும் என்று விட்டால் அவனுக்குக் குழப்பம்தான். சீட்டை, காரின் பெல்ட் அதற்குள் நுழைந்துபோகிற இடத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஓர் அங்குலத்துக்கு மேல் நகர்ந்தால் சரியாக மாட்டவில்லை என்று அர்த்தம். சீட்டின் உச்சியிலிருந்து பின்பக்கம் போகிற மேல் பட்டை இருந்தால் அதையும் காரில் உள்ள கட்டாயம் கொக்கியில் மாட்டுங்கள், தலை முன்னால் போவதை அதுதான் குறைக்கும்.

ஆலங்குளம் அம்மா:

எங்களிடம் கார் இல்லை, பைக்கில்தான் தெரபிக்குப் போகிறோம். அதற்கும் ஏதாவது உண்டா?

தச்சநல்லூர் டிரைவர்:

உண்டும்மா. 2022-இல் விதி கொண்டுவந்தார்கள், 2023 பிப்ரவரியிலிருந்து நடைமுறை. நாலு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை ஓட்டுகிறவரோடு இணைக்கிற பெல்ட், ஒன்பது மாதம் ஆனதிலிருந்து பிள்ளை அளவுக்கு ஹெல்மெட், வேகம் 40-ஐத் தாண்டக்கூடாது. ஹெல்மெட்டையும் வீட்டிலேயே பழக்குங்கள், மேலே சொன்ன அதே முறையில்.

கல்லிடை அம்மா:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இப்போதே போய்ப் பார்த்தேன், வார்த்துளை அவன் தோளுக்கு இரண்டு விரல் கீழே இருக்கிறது! மேலே மாற்றிவிட்டு, சீட்டைக் கூடத்துக்குத் தூக்கி வந்துவிட்டேன். அத்தையிடம் 200 கிலோ கணக்கைச் சொன்னேன், ஒன்றும் சொல்லாமல் போட்டோ வெட்ட உட்கார்ந்துவிட்டார்கள். ஓ.டி. மேடம், இன்னொரு சந்தேகம். இந்த சீட்டில் 18 கிலோ வரைக்கும் என்று எழுதியிருக்கிறது, அடுத்து பூஸ்டர் (பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கிற சீட்) வாங்கலாம் என்று கடையில் சொல்கிறார்கள், சரியா?

ஓ.டி. (தூத்துக்குடி):

எடையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பூஸ்டரில் காரின் பெல்ட்தான் பிடிக்கும், அதனால் பயணம் முழுக்க, தூங்கும்போதுகூட, பிள்ளை சாயாமல் நேராக இருக்க வேண்டும். பட்டனை அமுக்குகிற பிள்ளைக்கு அது இப்போதைக்கு ஆகாது. இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கால்களுக்கு நடுவே என்று பிடிக்கிற ஐந்து புள்ளி வாரிலேயே 25 கிலோ வரை தாங்குகிற சீட்டுகளும் இருக்கின்றன, பக்கவாட்டு லேபிளில் எடையைப் படித்துவிட்டு வாங்குங்கள். யாரோ பயன்படுத்தின பழைய சீட் என்றால், விபத்தில் மாட்டாதது என்று உறுதியாகத் தெரிந்தால் ஒழிய எடுக்காதீர்கள். வாங்குவதற்கு முன்னால் பையனைக் கடைக்கே கூட்டிப்போய் உட்காரவைத்து, துணியைத் தொட்டுப் பார்க்கவிடுங்கள்.