கேட்டால் பட்டா கிடைக்குமா?

பழைய ஓவர்சியர்:
வீடு என்பது உரிமை என்று இந்த விவாதக் குழுவில் திரும்பத் திரும்ப எழுதப்படுவதால் இதைச் சொல்கிறேன். ஏழைகளுக்கு அரசு தரும் தொகுப்பு வீடுகளுக்கு அடித்தளம் முதல் கூரை வரை அளவெடுத்து, பில் எழுதியே என் வேலைக்காலம் கழிந்தது. பிரதமர் பெயரிலான ஊரக வீட்டுத் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு 1.20 லட்சம் ரூபாய் என்று 2016இல் வந்தது. 2024இல் வந்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடிக்கு 3.50 லட்சம் ரூபாய் என்று அறிவித்தார்கள். இடம் இல்லாதவர் மனு கொடுக்கலாம். கேட்டால் பட்டா கிடைக்கும். பட்டா இருந்தால் வீடு கிடைக்கும். இதற்கு மேல் உரிமை என்று எதைக் கேட்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

ஆற்றங்கரையான்:
ஐயா, உங்கள் பதிவில் மற்றவை எல்லாம் இருக்கட்டும். "கேட்டால் பட்டா கிடைக்கும்" என்ற மூன்று சொற்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் என் பெரியம்மாவின் வாழ்க்கை அந்த மூன்று சொற்களில்தான் சிக்கிக் கிடக்கிறது. திருநெல்வேலியில் பாளையங்கால்வாயின் கரையில் ஓலைக்கூரை போட்டு, பிறகு தகரம் மாற்றி, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் குடியிருக்கிறார். வீட்டு வரி ரசீது இருக்கிறது, மின் இணைப்பு இருக்கிறது, குடும்ப அட்டை இருக்கிறது. மூன்று முறை மனு கொடுத்தார். மூன்று முறையும் "நீர்நிலைப் புறம்போக்கு, ஆட்சேபணைக்குரியது" என்று ஒரே வரியில் பதில் வந்தது. ஆட்சேபணையற்ற, அதாவது குடியிருக்கத் தடை சொல்லாத புறம்போக்கில் இருப்பவருக்குத்தான் உங்கள் வாக்கியம் பொருந்தும். கால்வாய்க் கரையில் இருப்பவருக்கு அது பொருந்தாது.

பழைய ஓவர்சியர்:
கால்வாய்க் கரையில் குடியிருப்பதை உரிமை என்று எந்தச் சட்டம் சொல்கிறது? 2023 டிசம்பரில் பெய்த மழை உங்களுக்கு மறந்துவிட்டதா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டு திருநெல்வேலி நகருக்குள்ளேயே புகுந்தது. அந்தக் கரையில் பட்டா கொடுப்பது அவர்களைத் தண்ணீரில் தள்ளுவதற்குச் சமம். 1985இல் மும்பை நடைபாதைவாசிகள் வழக்கிலும் வாழ்வாதாரம் உயிர் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று சொன்ன உச்ச நீதிமன்றம், அதே தீர்ப்பில் அவர்களை அப்புறப்படுத்தவும் அனுமதித்தது. பாதியை மட்டும் படித்துவிட்டு வாதாட வேண்டாம்.

ஆற்றங்கரையான்:
கரையிலேயே பட்டா கொடுங்கள் என்று நான் எங்கே எழுதினேன்? கரை ஆபத்தானது என்றால், ஆபத்தில்லாத இடத்தில் மூன்று சென்ட் கொடுப்பது யாருடைய பொறுப்பு என்றுதான் கேட்கிறேன். தீர்ப்புகளைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்றால், 1995 டிசம்பரில் தீர்ப்பு வந்த சமேலி சிங் வழக்கையும் படியுங்கள். உத்தரப் பிரதேசத்தில் பட்டியல் சாதி மக்களின் வீட்டுக்காக அரசு நிலம் எடுத்ததை நில உரிமையாளர்கள் எதிர்த்த வழக்கு அது. உச்ச நீதிமன்றம் நில எடுப்பை நிலைநிறுத்தி, உறைவிடமும் உயிர் வாழும் உரிமையின் பகுதி என்றது. அதாவது, இடமே இல்லாதவருக்கு இடம் எடுத்துக் கொடுப்பதிலிருந்துதான் அந்த உரிமை பேசப்பட்டது. நம் மாநிலத்தில் ஆதிதிராவிடர் வீட்டுமனைக்கு நிலம் எடுக்க 1978ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. சட்டத்துக்குப் பஞ்சமில்லை. மனு மேசையில்தான் எல்லாம் நின்றுபோகிறது.

தென்காசிச் சாரல்:
இருவரும் காகிதத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் ஊரில் தொகுப்பு வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுத் திருப்பூரில் இருப்பவர்களை நான் நேரில் அறிவேன். இலவசமாகக் கிடைத்ததற்கு மதிப்பு இருப்பதில்லை. உழைத்துக் கட்டியவன்தான் தன் வீட்டுக்கு வெள்ளையடிப்பான்.

ஆற்றங்கரையான்:
அண்ணாச்சி, திருப்பூருக்குப் போனவர் வீட்டை விட்டுப் போனது ஊரில் வேலை இல்லாததால். அதை வைத்து, வீடே கிடைக்காத என் பெரியம்மாவை எப்படி எடைபோடுகிறீர்கள்? குளத்துப் பாசனம் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் நடுவில் வந்து ஏழைகள்மீது பழி போட்டீர்கள்; அப்போது நான் பொறுத்துக்கொண்டேன்.

தென்காசிச் சாரல்:
அந்த விவாதத்தில் நான் சொன்னது சரி என்று பலரும் ஒப்புக்கொண்டார்கள். 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து தென்காசி மாவட்டம் பிரிந்ததிலிருந்து, தென்காசிக்காரன் வாய் திறந்தால் உங்களில் சிலருக்குப் பொறுப்பதில்லை.

பழைய ஓவர்சியர்:
மாவட்டப் பிரிவினையை இதற்குள் இழுக்க வேண்டாம். நான் சொன்னதற்குப் பதில் வரவில்லை. தகுதியான இடத்தில் கேட்டால் பட்டா கிடைக்கும்.

ஆற்றங்கரையான்:
இப்போது "தகுதியான இடத்தில்" என்ற சொல் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. முதல் பதிவில் அது இல்லை. இதை எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எஸ்டேட் பேரன்:
என் தாத்தா மாஞ்சோலை மலைக்குத் தேயிலை பறிக்கப் போனவர். சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட காடு அது. மூன்று தலைமுறை எஸ்டேட் தொழிலாளர்களுக்கான லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தோம். சுவரில் எங்கள் உயரத்தைக் கோடு போட்ட வீடு. குத்தகை 2028இல் முடிவதற்கு முன்பே, 2024இல் வேலை நிறுத்தப்பட்டது. திருநெல்வேலி அருகே ரெட்டியார்பட்டியில் அடுக்குமாடி வீடு தருவதாக அரசு சொன்னது. கூரை கிடைக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எழுபது வயதில் மலையிலிருந்து இறங்கி, மாடிப்படி ஏறும் என் ஆச்சி அதை வீடு என்று சொல்ல மறுக்கிறார். காலமெல்லாம் உழைத்தவர் கையில் ஒரு சென்ட் பட்டா இல்லை. உழைத்துக் கட்டு என்று எழுதியவர் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

பழைய ஓவர்சியர்:
அது வனத்துறை நிலம், புலிகள் காப்பகம். அங்கே பட்டா எப்படிக் கொடுக்க முடியும்? மாற்று வீடு தந்த பிறகும் குறை சொன்னால் அரசு என்னதான் செய்யும்?

ஆற்றங்கரையான்:
கால்வாய்க் கரை என்றால் நீர்நிலை. மலை என்றால் காடு. வயல் ஓரம் என்றால் மேய்க்கால், அதாவது மேய்ச்சல் புறம்போக்கு. கோயில் மனை என்றால் அறநிலையத் துறை. இத்தனையையும் கழித்துவிட்டால், கேட்டால் பட்டா கிடைக்கும் இடம் எங்கே இருக்கிறது என்று ஊர்ப் பெயரோடு சொல்லுங்கள் ஐயா. 3.50 லட்சம் ரூபாய் நல்ல திட்டம்தான். அந்தப் பணம் சொந்த மனையில் அடித்தளம் போட்டவருக்குத்தான் வருகிறது. மனையே இல்லாதவர் அந்தப் பட்டியலின் முதல் கட்டத்திலேயே விடுபட்டுப் போகிறார். வீடு உரிமை என்றால் அந்த உரிமை மனையிலிருந்து தொடங்க வேண்டும்; கான்கிரீட்டிலிருந்து அல்ல.

தென்காசிச் சாரல்:
குளத்து விவாதத்தைப் பற்றி நீங்கள் சொன்னதைத் திரும்பப் பெறும்வரை இதில் நான் பேசுவதாக இல்லை.

பழைய ஓவர்சியர்:
என் கையால் பட்டா நகல் வாங்கி இணைத்த கோப்புகள் எத்தனையோ. அவர்கள் எல்லோரும் கேட்டுத்தான் வாங்கினார்கள். உங்கள் பெரியம்மா சரியான படிவத்தில் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்.

ஆற்றங்கரையான்:
மூன்று மனுக்களின் ஒப்புகைச் சீட்டும் என்னிடம் இருக்கின்றன. வருகிற திங்கட்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் நான்காவது மனுவைக் கொடுக்கப் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். படிவம் எது சரி என்று அதற்குள் இங்கே எழுதுங்கள் ஐயா. அப்படியே நிரப்பிக் கொடுக்கிறேன்.